அம்மி வந்த கதை

போன மாதம் தம்பி பெங்களூரிலிருந்து அம்மாவுக்கு ஒரு பார்சல் அனுப்பினான். கூரியர் பையன் இறக்கி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி, "உள்ள கல்லாக்கா இருக்குது?" என்று கேட்டான். கல்தான். அட்டையைக் கிழித்து, பபிள் ரேப்பை உரித்து, வைக்கோலை விலக்கினால் கறுப்பாக ஒரு அம்மி, குழவியோடு. குழவியின் கழுத்தில் சணல் கயிறு கட்டி ஒரு சீட்டு. கைவினைஞர் கையால் செதுக்கியது, ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. விலையை மட்டும் தம்பி பேனாவால் அடித்திருந்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 3,800 ரூபாய்.

நாங்கள் இருப்பது கிருஷ்ணகிரியில். எங்கள் மாவட்டத்துக் கிரானைட் கப்பலேறி வெளிநாட்டு வீடுகளுக்குத் தரையாகப் போகிறது. கல்லுக்குப் பஞ்சமே இல்லாத ஊருக்கு 90 கிலோமீட்டர் தாண்டி ஒரு கல் வந்திருக்கிறது. "அடுத்த வருஷம் மாம்பழம் அனுப்புவான் பாரு" என்றார் அம்மா.

அன்று சாயங்காலமே வெள்ளோட்டம். பச்சை மிளகாய், பூண்டு, வறுத்த வேர்க்கடலை, உப்பு. அம்மா உட்கார்ந்து குழவியை ஒரு தள்ளு தள்ளினார். மிளகாய் நசுங்கவில்லை, வழுக்கிக்கொண்டு போய் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் விழுந்தது. கடலை நாலாபக்கமும் சிதறியது. அம்மியைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அம்மா குனிந்து அதில் தன் முகத்தைப் பார்த்தார். "பொட்டு வெச்சுக்கலாம்டி. சட்னி அரைக்க முடியாது."

அம்மியை உளியால் பொளிந்து புள்ளி புள்ளியாகக் குழி போட்டால்தான் அரையும். அந்தக் குழிகளின் விளிம்புதான் மிளகாயைப் பிடித்து நசுக்குகிறது. அரைக்க அரைக்க அது தேய்ந்து வழவழப்பாகிவிடும், மறுபடி பொளிய வேண்டும். என் சின்ன வயதில் தெருவில் "அம்மி கொத்தறது, ஆட்டுக்கல் கொத்தறது" என்ற குரல் கேட்டால், பாட்டி மாவுக் கையோடு ஓடுவார். இப்போது அந்தக் குரலை எங்கே போய்த் தேடுவது? பூக்கார அக்கா ஒரு போன் நம்பர் கொடுத்தார்.

மறுநாள் அம்மி கொத்துகிறவர் மொபெட்டில் வந்தார். அறுபது வயதிருக்கும். அம்மியைத் தடவிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். "மெழுகு வேற தேய்ச்சிருக்காங்கம்மா. இது மெஷின்ல அறுத்த கல்லு. கையால செஞ்சதுன்னு யாரு சொன்னது?" சீட்டைக் காட்டினேன். இங்கிலீஷ் என்பதால் பிழைத்தது.

முந்நூறு ரூபாய் பேசி உட்கார்ந்தார். டக் டக் என்று ஒன்றரை மணி நேரம். வாசல் பூராவும் கல் தூசி. நடுவில் டீ குடிக்கும்போது தொழில் எப்படி என்று கேட்டேன். மிக்ஸி வந்தபோதே பாதி போச்சாம். 2011-ல் அரசாங்கமே மிக்ஸியும் கிரைண்டரும் இலவசமாகக் கொடுத்தபிறகு உளியை மூட்டை கட்டிவிட்டு சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டாராம். இப்போது நாலைந்து வருஷமாக மறுபடி கூப்பிடுகிறார்களாம், அதுவும் ஓசூர் பக்கத்து அபார்ட்மெண்ட்களிலிருந்து. "நாலாவது மாடியில உக்காந்து கொத்தினா, கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க."

"உங்க வீட்டுல அம்மிதானா?"

"மிக்ஸிங்க. அந்த கவர்மெண்ட் மிக்ஸிதான், இன்னும் ஓடுது."

கிளம்பும்போது அவர் கண் பின்பக்கம் சம்ப் மூடியின் மேல் போனது. எங்கள் பழைய அம்மி அங்கேதான் இருக்கிறது. குரங்குகள் மூடியைத் திறந்து தண்ணீரில் கை விடுவதால் பாரத்துக்கு வைத்தது. உளியால் ஒரு தட்டு தட்டினார். கணீர் என்றது. "இத வெச்சுக்கிட்டா அத வாங்கினீங்க?" அம்மா என்னைப் பார்த்தார். நான் வாங்கவில்லை என்று சொல்லி என்ன பிரயோஜனம்?

புதுசாகப் பொளிந்த அம்மியில் எடுத்த எடுப்பில் சட்னி அரைத்தால் பல்லில் கல் கடிபடும். பச்சரிசியைப் போட்டு மூன்று நடை அரைத்துக் கொட்டி, கழுவி, அப்புறம்தான் கடலைச் சட்னி. களியோடு தொட்டுக்கொண்டோம். சும்மா சொல்லக் கூடாது, ருசி வேறுதான். மிக்ஸி பிளேடு வெட்டுகிறது, கல் நசுக்குகிறது. பூண்டும் கடலை எண்ணெயும் ஒன்றோடொன்று சேர்ந்து நாக்கில் நின்றது. இரண்டு நாள் அரைத்தார் அம்மா. மூன்றாம் நாள் காலை மிக்ஸி சத்தம் கேட்டது. "இருபது வருஷம் அரைச்சாச்சு. ஆசையா இருந்தா நீ உக்காரு" என்றார். எனக்கு ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மி முன்னால் நின்றுவிட்டான்.

"ஐயோ, யாருக்கா இத இப்படிக் குத்தினது? பூரா டேமேஜ்! இனி ரிட்டர்ன்கூட எடுக்க மாட்டாங்க."

விளக்கிச் சொன்னேன். ஏற்கவில்லை. முந்நூறு ரூபாய் கொடுத்ததைச் சொன்னபோது இன்னும் நொந்துபோனான். அப்புறம் கை கழுவப் பின்பக்கம் போனவன் திரும்பி வரவே இல்லை. போய்ப் பார்த்தால் சம்ப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பழைய அம்மியைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, இது பாட்டியோடதா? இத நான் எடுத்துக்கட்டுமா?"

அம்மாவுக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். "எடுத்துக்கடா. அந்த ஆள வரச் சொல்றேன், பொளிஞ்சு எடுத்துக்கிட்டுப் போ."

"ஐயோ வேண்டாம்மா. வழவழன்னு இருக்கறதுதான் அழகு. ஹால்ல டிவி பக்கத்துல வெச்சு மேல ஒரு செடி வைக்கணும்."

நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து டிக்கியில் ஏற்றினோம். கார் பின்பக்கம் சற்றே தாழ்ந்தது. அவன் போனபிறகு அம்மாவும் நானும் புது அம்மியைத் தூக்கிக்கொண்டு போய் சம்ப் மூடியின் மேல் வைத்தோம். அம்மா காலால் ஒரு தரம் அசைத்துப் பார்த்தார்.

"கனம் பத்தலடி" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் குழவியையும் எடுத்து வந்து மேலே வைத்தார்.