அழும்போது சிவக்கிறாள்

ஆகஸ்ட் 4

இரவுப் பணி. பிரசவ அறையிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். எடை 2.9 கிலோ. நெஞ்சு குழிவிழ மூச்சிழுக்கிறாள். வாயை மூடினால் உதடு நீலம் பாய்கிறது. வீறிட்டு அழுதால் உடனே சிவந்துவிடுகிறாள். இதயக் கோளாறு என்றால் அழுகையில் நீலம் பெரும்பாலும் கூடும். இங்கே தலைகீழ்.

6-ஆம் எண் குழாயை மூக்கில் செலுத்தினேன். 3 சென்டிமீட்டர் தாண்டியதும் எதிலோ முட்டி நின்றது. மறுபக்கமும் அப்படியே. மூக்கின்கீழ் பிடித்த பஞ்சிழை அசையவே இல்லை. டாக்டர் வாய்க்குள் ஏர்வேயை, அதாவது காற்று போக வழிவிடும் வளைந்த பிளாஸ்டிக் குழலை, வைத்து ஒட்டினார். மானிட்டரில் 70-இல் கிடந்த ஆக்ஸிஜன் அளவு 96-க்கு ஏறியது. அதன் பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.

ஆகஸ்ட் 5

"சளிதானே சிஸ்டர்? ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதினால் வந்துவிடும்" என்றார் பாட்டி. "வேண்டவே வேண்டாம் பாட்டி. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும்" என்றேன். மூக்கு தொண்டைக்குள் திறக்கும் பின்வாசல், கருவிலேயே எலும்பாலும் சவ்வாலும் அடைபட்டுவிட்டது; பச்சிளங்குழந்தைகள் முதல் சில மாதங்கள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சுவிடும் என்று விளக்கினேன். எந்தக் குழந்தைக்கும் மூக்கில் எண்ணெய் விடக் கூடாது, ஊதவும் கூடாது. இதைச் சொல்ல நான் சலிப்பதே இல்லை.

தாய் பீய்ச்சித் தரும் பால், வாய்வழிக் குழாயில் வயிற்றுக்குப் போகிறது.

ஆகஸ்ட் 6

சி.டி. ஸ்கேன் உறுதிசெய்துவிட்டது: இருபுறமும் அடைப்பு. சுமார் 5,000 முதல் 8,000 பிறப்புகளில் ஒன்றுக்கு இந்தக் குறை வரும். பெண் குழந்தைகளுக்கு அதிகம். ஒருபக்க அடைப்புதான் பரவலானது. ஒரே மூக்குத்துளையில் ஓயாமல் சளி வடிவதை வைத்துப் பல ஆண்டுகள் கழித்துக்கூட அது தெரியவரும். இதயம், கண், காது ஆகியவற்றிலும் குறை சேர்ந்து வரலாம் என்பதால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்கள், கண் டாக்டரும் பார்த்தார். இரண்டும் சரி. காதுப் பரிசோதனை மட்டும் பாக்கி.

ஆகஸ்ட் 9

மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் (உள்ளே பார்க்க உதவும் மெல்லிய கேமரா குழாய்) செலுத்தி, எலும்பைக் குடைந்து வழி திறந்தார்கள். மாலையில் உறிஞ்சுகுழாய் இருபுறமும் தடையின்றிப் போனது.

ஆகஸ்ட் 19

மார்பில் பால் குடிக்கிறாள். காதும் சரி. நாளை வீட்டுக்கு. திறந்த வழி மறுபடி சுருங்குவது உண்டு. எனவே உப்புநீர்ச் சொட்டு விடவும் சளியை உறிஞ்சி எடுக்கவும் தாய்க்குக் கற்றுக்கொடுத்தேன். பால் குடிக்கையில் திணறினாலோ, தூக்கத்தில் நெஞ்சு குழிந்தாலோ, மறுபரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் இரவானாலும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.