தாவரத்திலிருந்து போத்தல்: சோளமும் சுரையும்

"தாவரத்தால் செய்தது" என்று எழுதியிருந்தால் போத்தலின் அடியிலுள்ள எண்ணைப் பாருங்கள். 1 என்றால் அது பெற் (PET) என்ற வழமையான போத்தல் பிளாஸ்ரிக். அதன் எடையில் சுமார் 30 வீதம் கரும்பிலிருந்து வந்திருக்கலாம், ஆனாலும் வழக்கமான பிளாஸ்ரிக்கைப் போலவே மக்காது. சோளமாவிலிருந்து வரும் பி.எல்.ஏ (PLA) என்ற பிளாஸ்ரிக், 7 என்ற எண்ணுள்ள பிரிவில் அடங்கும். அது 60 பாகை செல்சியசை அண்டியதும் இளகும். யாழ்ப்பாண வெய்யிலில் பூட்டி நிற்கும் வாகனத்தில் விட்டால் நெளியக்கூடும், தேத்தண்ணீருக்கு ஆகவே ஆகாது. மக்குவதற்கும் அதே அளவு சூடு வேண்டும். வளவுக் குப்பைக்கிடங்கில் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

எங்கள் மண்ணுக்குச் சுரைக்குடுவைதான் பொருத்தம். முதலில், குடுவைக்குக் காய் எடுக்கப்போகும் சுரைக்கொடியின் பிஞ்சை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கைத்தால் துப்பிவிட்டு அந்தக் கொடியை விட்டுவிடுங்கள், அந்தக் கைப்பு நஞ்சு. காம்பு காய்ந்து பழுப்பாகும்வரை காயைக் கொடியிலேயே விடவேண்டும். அவசரப்பட்டுப் பறித்தால் ஓடு மெலிந்து சுருங்கும். காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று மாதம் தொங்கவிடுங்கள். மாசியில் தொடங்கினால் மாரிக்கு முன் முடியும். மேலே பூஞ்சணம் பிடிப்பது வழமை, துடைத்தால் போதும். அழுத்தும்போது அமுங்கினால் எறியுங்கள்.

விதை கலகலத்ததும் கழுத்தை அறுத்து, தண்ணீர் ஊற்றி ஒருநாள் ஊறவைத்து, கூழாங்கல் போட்டுக் குலுக்கிச் சக்கையை எடுங்கள். கைப்பு முற்றாகப் போகும்வரை தண்ணீர் மாற்றுங்கள். நன்றாகக் காய்ந்தபின், ஒரு லீற்றர் குடுவைக்கு 50 கிராம் தேன்மெழுகை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கி, உள்ளே ஊற்றி உருட்டி, மிச்சத்தை வடியுங்கள். குடுவையை முதலில் வெய்யிலில் சூடாக்காவிட்டால் மெழுகு கட்டிபட்டு உரியும். பூவரசங்கட்டைத் தக்கை போதும். குளிர்ந்த தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், மெழுகு 62 பாகையில் உருகத் தொடங்கும்.