கன்றுகளைப் பார்த்தால்தான் காடு தெரியும்

காட்டு மரங்களை அளந்து பதிவு செய்யும் வேலையில் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. கோலாலம்பூரில் உறவினர்களைச் சந்திக்கும்போதெல்லாம் அவர்கள் கேட்பது, நீ பார்த்ததிலேயே பெரிய மரம் எது என்பதுதான். பெரிய மரத்தைப் பார்ப்பதில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு. ஆனால் ஒரு காட்டில் ஏன் இத்தனை வகை மரங்கள் நிற்கின்றன, இன்னும் நூறு ஆண்டுகளில் அவற்றுள் எவை மிஞ்சும் என்ற கேள்விகளுக்கு விடை, பெரிய மரங்களின் அடியில் முழங்கால் உயரத்தில் நிற்கும் மரக்கன்றுகளிடம்தான் இருக்கிறது. "மேலே பார்த்தது போதும் தம்பி, கீழே குனிஞ்சு பாரு" என்று என் மூத்த பணியாளர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். பல்வகைமை பற்றி நான் அறிந்ததில் பெரும்பகுதி அந்தப் பழக்கத்தில் கிடைத்ததே.

நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் 50 ஹெக்டேர் நிலத்தை 1980களில் அளந்து பிரித்து, ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள குச்சி போன்ற கன்று முதல் வானளாவிய மரம் வரை ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டிருக்கிறார்கள். அங்கே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், எண்ணூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். பனாமா நாட்டில் இதே பரப்பளவில் ஏறத்தாழ முந்நூறு இனங்கள்தாம். அங்கே ஆண்டுதோறும் சில மாதங்கள் கடும் வறட்சி உண்டு. சரவாக்கின் லம்பிர் காட்டில் 52 ஹெக்டேரில் இனங்களின் எண்ணிக்கை ஆயிரத்தையும் தாண்டுகிறது. அங்கே மணற்பாங்கான மண்ணும் களிமண்ணும் அடுத்தடுத்து மாறி வருகின்றன. ஒன்றில் செழிக்கும் மரம் மற்றதில் நிலைப்பதில்லை. நம் தீபகற்பத்திலும் மலை முகடுகளில் சாம்பல் பூத்த உச்சியோடு வரிசையாக நிற்கும் செராயா மரத்தைச் சமவெளிக் காட்டில் அப்படிக் காண முடியாது.

மழையும் மண்ணும் எந்த மரம் எங்கே நிற்கலாம் என்று ஓரளவு முடிவு செய்கின்றன. ஆனால் ஒரே இனம் காடு முழுவதையும் பிடித்துக்கொள்ளாமல் தடுப்பது எது? ஜான்சன், கானெல் என்ற இரு அறிஞர்கள் 1970, 71ஆம் ஆண்டுகளில் தனித்தனியே முன்வைத்த விளக்கம், தாய்மரத்தின் அடியில் விழும் விதைகளையும் நாற்றுகளையும் அந்த இனத்துக்கே உரிய பூச்சிகளும் பூஞ்சைகளும் தேடி அழிக்கின்றன என்பது. தாயை விட்டுத் தொலைவில் விழுந்த விதைக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அடியில் காலியாகும் இடம் வேறோர் இனத்துக்குப் போகிறது. அப்படியானால் விதையைத் தூக்கிச் செல்லும் இருவாச்சியும் குரங்கும் இல்லாத காடு, மரங்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தாலும், உள்ளுக்குள் வறுமைப்படத் தொடங்கிவிட்டது என்றே நான் கொள்கிறேன். லம்பிரில் வேட்டையால் பெரிய விலங்குகள் அருகிய பிறகு கன்றுகள் தாய்மரங்களைச் சுற்றியே நெருக்கியடித்து நிற்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மனிதனின் கை காட்டில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதற்குத் தாபான் மரத்தை நான் அடிக்கடி எடுத்துக் காட்டுவதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட அதன் பால் தேவைப்பட்டது. நம் தோட்டத்துப் பால்மரத்தைப் போலக் கீறிவிட்டால் அது ஓடி வராது, வெட்டிய இடத்திலேயே உறைந்துவிடும். ஆகவே மரத்தையே சாய்த்தார்கள். பெரிய மரங்கள் மலாயாக் காடுகளில் அரிதாகிப்போயின. பால் போதாத கன்றுகளை வெட்டிப் பயனில்லை என்று விட்டுவைத்ததால்தான் அந்த இனம் பிழைத்தது. இன்று காட்டில் தாபானைக் காணும்போது, எப்போதோ ஒருவர் கத்தியை ஓங்காமல் கடந்துபோன கன்றின் வழிவந்தது அது என்ற எண்ணம் எனக்கு வராமல் இருப்பதில்லை. தேனுக்காக துவாலாங் மரத்தை வெட்டாமல் காத்ததும், பழைய குடியிருப்புகளைச் சுற்றி டுரியானையும் பெத்தாயையும் பெருக வைத்ததும் பூர்வகுடி மக்களின் கைதான்.

இவையெல்லாம் நேரடியாகத் தெரிபவை. கோடரியே படாத காட்டிலும் நம் கை நுழைகிறது என்பதைப் பாசோவில்தான் உணர்ந்தேன். அந்தக் காட்டைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். உதிர்ந்த பழங்களைத் தின்று காட்டுப்பன்றிகள் பெருகுகின்றன. அவற்றை அடக்கிவைக்கும் புலியோ அருகிவிட்டது. ஈனப்போகும் பன்றி காட்டுக்குள் வந்து, கன்றுகளைக் கடித்து ஒடித்தும் வேரோடு பிடுங்கியும் இடுப்புயரக் குவியலாகக் கூடு கட்டுகிறது. ஒரு கூட்டைப் பிரித்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கான கன்றுகள் இருக்கும். சிலவற்றில் நாங்கள் கட்டிய அலுமினியத் தகடு அப்படியே தொங்கும். எண்ணைப் படித்து, பதிவேட்டில் அந்தக் கன்றின் பெயருக்கு நேரே 'இறந்தது' என்று எழுத வேண்டும். பெற்றோர் செம்பனைத் தோட்டத்தில் உழைத்து என்னைப் படிக்க வைத்தவர்கள். அந்தத் தோட்டத்துப் பழமே பல கிலோமீட்டர் தாண்டி மெராந்தி என்ற காட்டு மரத்தின் கன்றைத் தொடுகிறது என்று எழுதும்போது மனம் கனக்கத்தான் செய்தது.

இதற்கு நேர்மாறான சான்று கோலாலம்பூரின் வாசலிலேயே இருக்கிறது. கெப்போங்கில் வன ஆய்வு நிலையத்துக்காக 1920களில் தேர்ந்தெடுத்த நிலம், ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளும் காய்கறிப் பாத்திகளும் லாலாங் புல்லுமாகக் கிடந்தது. அங்கே உள்நாட்டு மரங்களை நட்டு வளர்த்தார்கள். 2025இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே காப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்பதைப் படமெடுக்கக் கூட்டம் வருகிறது. நான் அங்கே போனால் தரையைத்தான் பார்க்கிறேன். காப்பூர் விதைக்கு ஐந்து இறகுகள் உண்டு. ஆனாலும் பெரும்பாலானவை தாய்க்கு அருகிலேயே விழுகின்றன. உறக்கநிலை இல்லாததால் சில வாரங்களில் முளைத்துவிட வேண்டும். காப்பூரின் குடும்பத்து மரங்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே கூட்டமாகப் பூப்பவை என்பதால், அந்த ஒரு பருவம் தவறினால் நெடுங்காலம் புதுக்கன்று இராது.

ஆகவே, குறிப்பிட்ட விட்டத்துக்கு மேற்பட்ட மரங்களை மட்டும் வெட்டினால் காடு தானாக மீளும் என்ற நம்பிக்கை எனக்கு அரைகுறையாகவே இருக்கிறது. வெட்டப்படுபவை விதை தரும் தாய்மரங்கள். கீழே அந்த இனத்தின் கன்று இருக்கிறதா என்று முதலில் எண்ணியாக வேண்டும். நகரின் நடுவில், 1906இலேயே காப்புக்காடாக அறிவித்தும் இன்று பத்து ஹெக்டேருக்கும் குறைவாகச் சுருங்கி நிற்கும் புக்கிட் நானாஸுக்கும் இதுவே பொருந்தும். அங்கே நிற்கும் பெரிய மரங்களைக் கணக்கிட்டு நிம்மதி அடைவதைவிட, எந்த இனத்துக்குக் கன்று இல்லை என்று பெயர்வாரியாகப் பட்டியலிட்டு, அவற்றின் விதையை அருகிலுள்ள காடுகளில் அடுத்த பூப்பருவத்தில் சேகரித்து நாற்றங்காலில் வளர்க்க வேண்டும். கனத்த விதையைக் கொண்டுசெல்லும் விலங்குகள் அங்கே அருகிவிட்டதால், அந்த வேலை இப்போது நம்மிடம் வந்திருக்கிறது.