விலாவில் ஒரு சாண்

சுங்கை சிப்புட்டில் ரத்தச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் தாதியாக இருக்கிறேன். அதற்கு முன் பல வருடம் கோலாலம்பூரில் அறுவை அறையில் நின்றவள். தோட்டத்துச் சனங்களிடம் சிறுநீரக தானம் என்று பேச்செடுத்தாலே கை விலாவுக்குப் போய்விடும். "இங்கேருந்து இது வரைக்கும் அறுப்பாங்களாமே, மிஸி?"

அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. 1975இல் நாட்டின் முதல் சிறுநீரக மாற்று கோலாலம்பூரில் நடந்த நாள் தொட்டு, வெகுகாலம் திறந்த அறுவைதான். ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேசையை இடுப்புக்கு நேரே மடக்கி, கடைசி விலா எலும்பை ஒட்டி ஒரு சாண் நீளம் கீறுவார்கள். தசை மூன்று அடுக்கும் அறுபடும். சில சமயம் எலும்பின் நுனியையும் எடுக்க வேண்டிவரும். அங்கே ஓடும் நரம்பு அடிபட்டால் அந்தப் பக்கம் மரத்துப்போகும், புடைத்தும் நிற்கும். செம்பனைக் குலை தூக்குகிறவனுக்கு விலாத் தசைதான் சம்பளம்.

1995இல் அமெரிக்காவின் பால்ட்டிமோரில் ராட்னர், கவூசி என்ற இரு மருத்துவர்கள் துளைவழியாக இதைச் செய்து காட்டினார்கள். மூன்று நான்கு துளை, வயிற்றுக்குள் கரியமில வாயு, ஒரு கேமரா. பெரும்பாலும் இடது சிறுநீரகம்தான், அதன் சிரை நீளமானது என்பதால். இரண்டில் ஒன்று மட்டம் என்றால் நல்லது கொடுப்பவரிடமே நிற்கும். இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. தமனியை ஸ்டேப்ளர் போட்டு அறுத்ததும் அறையில் பேச்சு நின்றுவிடும். பையில் பிடித்து, அடிவயிற்றுக் கீறல் வழியே வெளியே எடுத்து ஐஸில் வைக்கும் வரை கடிகாரத்தைத்தான் பார்ப்போம். தமனிக்கு பிளாஸ்டிக் கிளிப் போடக்கூடாது என்ற எச்சரிக்கை 2006இல் வந்தது. கிளிப் கழன்று, தானம் கொடுத்தவர்கள் இறந்த பிறகு வந்த எச்சரிக்கை அது. நோயே இல்லாமல் மேசையில் ஏறியவர்கள்.

ஒரு அண்ணனிடம், "சின்ன ஓட்டைதாண்ணே" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். உள்ளே இடது சிரையின் கிளையொன்று கிழிந்தது. ரத்தத்தை நிறுத்த, திறந்தே ஆகவேண்டியிருந்தது. அண்ணன் பிழைத்தார், தம்பிக்குச் சிறுநீரகமும் வேலை செய்தது. ஆனால் கண் விழித்து விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாரே, அதை மறக்க முடியவில்லை. திறக்க வேண்டிவரலாம் என்று படிவத்தில் இருந்தது. நான் வாயால் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

போன மாதம் ஓர் அக்கா வந்தார். வாரம் மூன்று தடவை எங்களிடம் நான்கு மணிநேரம் படுத்திருக்கும் தம்பிக்குக் கொடுக்க வேண்டுமாம். தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். எல்லாவற்றையும் சொன்னேன், திறக்க வேண்டிவருவதையும் சேர்த்து. அடிவயிற்றுக் கீறலைக் கையால் காட்டினேன்.

"அங்கதானே எம்மவள எடுத்தாங்க," என்றார். "மறுபடி எப்ப மிஸி மூட்டை தூக்கலாம்?"

ஆறு வாரமாவது கனம் தூக்கக்கூடாது, திறந்தால் இன்னும் கூடும் என்றேன். விரல் விட்டு எண்ணினார். "அத்தன நாள் சம்பளத்துக்கு, எங்கள வேலை வாங்குற மண்டோர்கிட்ட நீங்களே வந்து பேசுவீங்களா?"

சனிக்கிழமை போகிறேன்.