ஈரோட்டுச் சித்தர்

எனக்கு இரண்டு பெயர்கள். பள்ளிச் சான்றிதழில் அறிவுச்செல்வி. அது அப்பா வைத்தது. அம்மாவுக்கு நான் காந்திமதி. திருநெல்வேலி டவுனில் பிறந்த பிள்ளைக்கு அம்பாள் பெயர் இல்லாமல் எப்படி என்பது அம்மாவின் கட்சி. நாளாக நாளாக அப்பாவுக்கும் 'காந்தி' என்று கூப்பிட வாய் பழகிவிட்டது. கேட்டால், "நான் சொல்லுதது மகாத்மா காந்திய" என்பார்.

அப்பா அறிவியல் வாத்தியார். கறுப்புச் சட்டைக்காரர். அவருக்கு 'விடுதலை' தபாலில் வரும். அம்மா பிரதோஷம் தவறாமல் நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறவள். இந்த இரண்டு பேருக்கும் எப்படிக் கல்யாணம் ஆனது என்றால், அப்பா அம்மாவுக்கு அத்தை மகன். எங்கள் பக்கம் அதற்கு மேல் காரணம் கேட்க மாட்டார்கள். 1967-லேயே அண்ணா ஆட்சியில் சட்டமாகிவிட்டது, செய்தால் சுயமரியாதைத் திருமணம்தான் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்று, 1980-இல் ஐயர் இல்லாமல் மேடை போட்டு மாலை மாற்றித் தாலி கட்டினார். அந்தத் தாலி எங்கே போய்விட்டு மேடைக்கு வந்தது என்பது அவருக்குப் பதினைந்து வருடம் தெரியாது.

அப்பாவின் நாத்திகத்துக்கு வருடத்தில் இரண்டு நாள் லீவு உண்டு. ஒன்று ஆனித் தேரோட்டம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடம் பிடித்து, ரத வீதி முக்கில் தேர் திரும்பும்போது தொண்டை கிழியக் கத்துவார். "இம்மாம் பெரிய தேர மனுசக் கை இழுக்கு. இதுல சாமி எங்க இருக்கு? நெம்புகோல் தத்துவம்லா இருக்கு!" ராத்திரி அந்த மனுசக் கை தோலுரிந்து கிடக்கும். அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே ஒன்றும் சொல்லாமல் சிரிப்பாள். இன்னொன்று பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலுக்குப் போவது சொந்தபந்தத்தைப் பார்க்க மட்டும்தானாம். பொங்கல் மட்டும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுவார்.

நடுவில் மாட்டிக்கொண்டது என் நெற்றி. பரீட்சை அன்று அம்மா பட்டையாகத் திருநீறு பூசி அனுப்புவாள். சைக்கிளில் கொண்டுபோய் விடும் அப்பா, பள்ளிக்கூட வாசலில் "வேர்த்திருக்கு பாரு" என்று கைக்குட்டையால் துடைத்து விடுவார். ஓரத்தில் கொஞ்சம் எப்போதும் மிஞ்சும். எனக்கு மார்க்கும் அந்த அளவில்தான் வந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். 1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. பிள்ளையார் பால் குடித்த நாள். விடியற்காலையில் டெல்லியில் கிளம்பிய சேதி, பம்பாயில் இருந்த மாமா வழியாக எதிர்வீட்டு போனில் வந்து இறங்கிவிட்டது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் எவர்சில்வர் தம்ளரும் கரண்டியுமாக நீள வரிசை. அம்மா போய்விட்டு முகமெல்லாம் பூரிப்பாகத் திரும்பி வந்தாள்.

"என் கையால ரெண்டு கரண்டி குடிச்சாருங்க."

அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் பாடம் எடுத்தார். பரப்பு இழுவிசை. கரண்டியைச் சாய்த்துத் தும்பிக்கையில் முட்டினால், பால் கல்லில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத மெல்லிசாக வழிந்து இறங்கிவிடும். (டெல்லி விஞ்ஞானிகளும் பாலில் சாயம் கலந்து இதையேதான் காட்டினார்கள். செய்தி வந்ததும் அப்பா அதை வெட்டி டைரியில் ஒட்டிக்கொண்டார்.)

"கீழ தரை நனைஞ்சு கிடந்துச்சே, பாத்தியா?"

"நான் சாமி முகத்தப் பாக்கவா, தரையப் பாக்கவா?"

இதற்கு மேல் செய்முறைதான் என்று முடிவு செய்தார். ஆனால் வீட்டில் சிலை வேண்டுமே. அம்மாவின் சாமிகள் எல்லாம் கண்ணாடி போட்ட படங்கள். இருந்த ஒரே சிலை, அலமாரி மேல் இருந்த பெரியாரின் மார்பளவு மாவுச்சிலை. நாலு நாள் முன்னால் 17-ஆம் தேதி அவர் பிறந்தநாளுக்கு அப்பா போட்ட சாமந்தி மாலை வாடிப்போய் இன்னும் கழுத்தில் கிடந்தது. அதை எடுக்கத் தோன்றாமல் அப்படியே தூக்கி வந்து திண்ணையில் ஸ்டூல் போட்டு வைத்தார்.

கரண்டியை உதட்டோரம் சாய்த்தார். அந்த இடத்தில் பெயிண்டு உதிர்ந்திருந்தது. வறண்ட மாவு சர்ரென்று இழுத்துக்கொண்டது.

"பாத்தியா! பெரியாரும் குடிக்காரு!"

சந்தோஷத்தில் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டார். அதுதான் தப்பு. பத்து நிமிடத்தில் எதிர்வீட்டு ஆச்சி தலைமையில் ஏழெட்டுப் பேர் தம்ளரோடு எங்கள் திண்ணையில். ஆச்சிக்குக் கண்ணில் புரை. தாடியும் மாலையும் மட்டும் தெரிந்திருக்கும்.

"எந்த ஊரு சித்தருய்யா இவரு?"

அப்பாவுக்குப் பொய் வராது. "ஈரோடு."

"ஈரோட்டுச் சித்தரா!" ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆச்சி, இவரு சாமியே இல்லன்னு சொன்னவரு."

"சித்தமாருங்க எல்லாம் அப்படித்தான்யா சொல்லுவாவ."

இதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. இன்றுவரை யாரிடமும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாத்தியார் புத்தி போகுமா? வந்தவர்களையே செய்யவைத்து விளங்கவைக்கலாம் என்று நம்பினார். "தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க, கரண்டிய லேசா சாய்க்கணும்" என்று அவர் சொல்லச்சொல்ல வரிசை கூடியது. பரப்பு இழுவிசை என்று அவர் சொன்னதை ஏதோ மந்திரம் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு மதினி முணுமுணுத்தபடி பால் கொடுத்தாள். கடைசியில் ஆச்சி குனிந்து கையை நீட்டினாள்.

"திருநீறு குடுய்யா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சம்படத்தோடு தயாராக நின்றுகொண்டிருந்தாள். "நீயே குடு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ராத்திரி ஈரத்துணியால் சிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாடி முழுக்க எறும்பு. அம்மாவுக்கு அன்றைக்கு வாய் நிற்கவில்லை.

"அம்மன் காலடியில வச்சு எடுத்த தாலியக் கட்டுன கைதான? பூசை பண்ண வராமலா போகும்!"

துணி நின்றது. "எந்தத் தாலி?"

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"மேடைக்கு முந்தின நாளு... கோயில்ல வச்சு எடுத்தது."

"யாரு செஞ்சா? உங்க அப்பாவா?"

"உங்க அம்மா."

அப்பா வெகுநேரம் பெரியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துடைக்க ஆரம்பித்தார்.

"காதுக்குள்ள பாருங்க, இன்னும் ரெண்டு எறும்பு கிடக்கு" என்றாள் அம்மா.