ஃபாலோ-அப்புக்கு வராதவர்கள்

மருத்துவ ஆய்வில் வேலை செய்கிறேன் என்று சொன்னால் ஆய்வகம், நுண்ணோக்கி, ரத்த மாதிரி என்றுதான் பெரும்பாலும் நினைத்துக்கொள்கிறார்கள். என் நாளின் பெரும்பகுதி போனில் கழிகிறது. பொது மருத்துவப் பிரிவும் பல் மருத்துவப் பிரிவும் நடத்தும் ஆய்வுகளில் நோயாளிகளைச் சேர்ப்பது, ஒப்புதல் படிவத்தை வரிவரியாக விளக்குவது, அடுத்து வரவேண்டிய தேதியை நினைவுபடுத்துவது, வராதவர்களைத் தேடிப் பிடிப்பது, இவைதான் ஒருங்கிணைப்பாளரின் வேலை. கடைசியாகச் சொன்ன அந்தத் தேடலை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்ற கேள்விக்கு, திரும்பி வந்தவர்களை மட்டும் வைத்துப் பதில் சொல்லிவிட முடியாது.

ஞானப்பல் எடுத்த பிறகு வரும் வலிக்கு எந்த மருந்து மேல் என்று பார்க்கும் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் வரச் சொல்லியிருப்போம். வராதவர்களைக் கூப்பிட்டால் ஒரு சாரார், "எனக்குத்தான் வலி போயிடுச்சே, அப்புறம் எதுக்கு வரணும்?" என்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இன்னொரு சாராரின் கதை வேறு. பல் எடுத்த குழியில் உறைந்த ரத்தக்கட்டி இரண்டு மூன்று நாளில் கழன்றுபோய் எலும்பு திறந்து கிடந்தால், காது வரைக்கும் இழுக்கும் வலி வரும். பல் மருத்துவர்கள் டிரை சாக்கெட் என்பது இதைத்தான். அந்த வலியில் ராத்திரி முழுக்கத் தூங்காதவர் ஏழாம் நாள் வரை காத்திருப்பாரா? பக்கத்தில் இருக்கும் வேறொரு பல் மருத்துவரிடம் போயிருப்பார். எங்கள் அட்டவணையில் இந்த இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வெற்றுக் கட்டம்தான். ஒருவர் அந்தச் சிகிச்சையில் கிடைக்கக்கூடிய மிக நல்ல முடிவு. இன்னொருவர் மிக மோசமான முடிவு. கட்டத்தைப் பார்த்து யார் எவர் என்று சொல்லவே முடியாது.

பொது மருத்துவத்தில் இது இன்னும் கனமான விஷயம். குணமானவர் வேலைக்குத் திரும்பியிருப்பார், மோசமானவர் எங்கோ படுக்கையில் இருப்பார், சிலர் இறந்தே போயிருப்பார்கள்.

ஈறு நோய்க்கு ஆழமாகச் சுத்தம் செய்தால் சர்க்கரை கட்டுக்குள் வருமா என்பது மருத்துவமும் பல் மருத்துவமும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் கேள்வி. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைதான் அதில் அளவுகோல். அப்படி ஓர் ஆய்வில் வயதான ஒருவர் மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு வரவில்லை. அவர் போன் அணைந்திருந்தது. ஆய்வில் சேரும்போது, தன்னைப் பிடிக்க முடியாவிட்டால் கூப்பிடலாம் என்று அவரே எழுதிக் கொடுத்த இரண்டாவது எண்ணுக்கு அடித்தேன். மகள் எடுத்தார். எடுத்ததும், "மன்னிச்சிடுங்க, அப்பாவால வர முடியல, கால்ல புண்ணு, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்" என்றார். நான் குறை சொல்லக் கூப்பிட்டிருக்கிறேன் என்ற பயம் குரலில் தெரிந்தது. முதலில் புண் எப்படி இருக்கிறது, காய்ச்சல் உண்டா என்று கேட்டேன். ஆய்வில் இருப்பவர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால், அதற்கும் ஆய்வுக்கும் சம்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தீவிரப் பாதக நிகழ்வாகப் பதிவுசெய்து ஆய்வு மருத்துவருக்கு உடனே தெரிவித்தாக வேண்டும். அதற்கான விவரங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் போனை அப்பாவிடம் கொடுத்தார். அவர் கேட்டது ஒன்றுதான். "நான் வராததால என் பேரை எடுத்துட்டீங்களா?"

"இல்லைங்க ஐயா, நீங்க இன்னும் ஆய்வுலதான் இருக்கீங்க" என்றேன். அந்த மருத்துவமனையில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவை நாங்கள் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டதற்குச் சம்மதித்தார்.

அவருக்குச் சொன்ன அந்தப் பதில் ஆறுதலுக்காகச் சொன்னதில்லை. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்கிறோம், இரண்டு குழுவும் ஒரே மாதிரி ஆட்களைக் கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக. அந்தக் குலுக்கலில் யார் எந்தக் குழுவில் விழுந்தாரோ, சிகிச்சையைப் பாதியில் விட்டாலும் அவரை அந்தக் குழுவிலேயே வைத்துக் கணக்கிட வேண்டும் என்பது ஆய்வு முறையின் அடிப்படை. இதன் காரணம் புரிய, 1980-ல் வெளியான கொரோனரி டிரக் பிராஜெக்ட் முடிவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மாரடைப்பிலிருந்து பிழைத்த ஆண்களுக்கு, கொழுப்பைக் குறைக்கும் குளோஃபைப்ரேட் மருந்தைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு அது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில், சரியாகச் சாப்பிடாதவர்களைவிடக் குறைவானவர்களே ஐந்து ஆண்டுகளில் இறந்திருந்தார்கள். மருந்து வேலை செய்கிறது என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மருந்தே இல்லாத பிளாசிபோ குழுவிலும் அதே கதைதான். வெறும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் சுமார் 15 சதவீதம், ஒழுங்காகச் சாப்பிடாதவர்களில் சுமார் 28 சதவீதம். ஆக, சொன்னபடி மாத்திரை சாப்பிடுகிறவர், சொன்ன தேதிக்கு வருகிறவர், வாழ்க்கையின் வேறு பல விஷயங்களிலும் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவர். அவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கணக்குப் போட்டால், குலுக்கல் போட்டு உண்டாக்கிய சமநிலை நம் கையாலேயே கெட்டுவிடும்.

வந்தவர்களின் தகவலையும் அப்படியே நம்பிவிட முடியாது. வலி ஆய்வுகளில் நோயாளியிடம் ஒரு சின்னக் கையேடு கொடுப்போம். ஒவ்வொரு பக்கத்திலும் 100 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு. இடது முனை வலியே இல்லை, வலது முனை தாங்கவே முடியாத வலி. அன்றன்று இருக்கும் வலிக்கு ஏற்ப அந்தக் கோட்டில் ஒரு குறி போட வேண்டும். திரும்பி வரும் கையேடுகளில் சிலவற்றைப் பார்த்தவுடனே தெரியும். ஏழு நாள் குறிகளும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. ஒரு மடிப்போ கறையோ இல்லாத பக்கங்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாக நிரப்பியிருக்கிறார்கள். 2002-ல் இதை ஓர் ஆய்வாகவே செய்து பார்த்தார்கள். நாள்பட்ட வலி உள்ளவர்களுக்குக் கொடுத்த காகிதக் கையேட்டில், அது எப்போது திறக்கப்படுகிறது என்று பதிவாகும்படி ஒளி உணரியை மறைத்து வைத்தார்கள். கையேட்டில் எழுதியிருந்தபடி பார்த்தால் 90 சதவீதம் குறிகள் உரிய நேரத்தில் போடப்பட்டவை. உணரி காட்டிய கணக்கு 11 சதவீதம். மின்னணுக் கையேடு வைத்திருந்தவர்களிடம் அது 94 சதவீதமாக இருந்தது. நோயாளிகள் பொய் சொல்கிறார்கள் என்று இதைப் படிப்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. வெற்றுப் பக்கத்தைக் கொடுத்தால் டாக்டர் மனம் கோணுவார் என்று நினைத்து, நமக்கு உதவுவதாக எண்ணித்தான் நிரப்புகிறார்கள். அதனால், "விட்டுப்போன நாளை விட்டுப்போனதாகவே வையுங்கள், அதுவும் எங்களுக்குத் தகவல்தான்" என்று கையேட்டைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன்.

பல் மருத்துவத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒரே வாயில் ஒரு பக்கம் ஒரு சிகிச்சை, மறுபக்கம் இன்னொரு சிகிச்சை செய்து ஒப்பிடலாம். நோயாளி வராமல் போனாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே போகும், தராசு ஒரு பக்கமாகச் சாயாது. ஸ்காட்லாந்தில் குழந்தைகளின் சொத்தைப் பாற்பல்லைக் குடையாமல், மரத்துப்போக ஊசி போடாமல், மேலே உலோகத் தொப்பி மாட்டி மூடிவிடும் ஹால் முறையை இப்படித்தான் சோதித்தார்கள். 2007-ல் முடிவு வெளியானது. 132 குழந்தைகள், ஒவ்வொருவர் வாயிலும் ஒரு பல்லுக்கு வழக்கமான அடைப்பு, இன்னொன்றுக்குத் தொப்பி. தொப்பி போட்ட பற்களில் பிரச்சினை குறைவாக இருந்தது. ஆனால் எல்லாச் சிகிச்சைக்கும் இது ஒத்துவராது. ஒரு பக்கத்து ஈறில் தடவிய மருந்து எச்சிலில் கரைந்து மறுபக்கம் போய்விடும். மாத்திரையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சரி, வராதவர்களை எதுவரைக்கும் தேடலாம்? ஒப்புதல் படிவத்தில் நாங்களே எழுதியிருக்கிறோம்: எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, விலகினால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது. மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிமுறையாக 1964-ல் வந்த ஹெல்சின்கி பிரகடனத்திலேயே விலகும் உரிமை இருக்கிறது. அந்த உரிமை இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பது பல் மருத்துவத்தின் வரலாற்றிலேயே உண்டு. 1940-களில் சுவீடனின் விபெஹோல்ம் காப்பகத்தில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்குப் பல்லில் ஒட்டும் மிட்டாயைத் தொடர்ந்து கொடுத்து, பற்கள் சொத்தையாவதைக் கணக்கெடுத்தார்கள். சர்க்கரையின் அளவைவிட, எத்தனை முறை சாப்பிடுகிறோம், எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் பல்லைக் கெடுக்கிறது என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அந்த அறிவுக்கு அது பெரிய ஆதாரம். அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவர்களால் எழுந்து வெளியே போயிருக்கவும் முடியாது. எங்கள் அட்டவணையில் வெற்றுக் கட்டம் வருகிறது என்றால், நோயாளிக்கு வராமல் இருக்கும் சுதந்திரம் இருக்கிறது என்றும் பொருள். அந்தக் கட்டத்தை நிரப்ப நான் எவ்வளவு ஆசைப்பட்டாலும், அந்தச் சுதந்திரம் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆகவே போனில் நாங்கள் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறோம். மருந்தை மட்டும் நிறுத்த விரும்புகிறீர்களா? நேரில் வருவதை மட்டும் நிறுத்த விரும்புகிறீர்களா? உங்களைப் பற்றிய தகவல் எடுப்பதையே நிறுத்த வேண்டுமா? பெரும்பாலானவர்களுக்கு இடைஞ்சல் பயணமும் காத்திருப்பும்தான், போனில் இரண்டு நிமிடம் பேசுவதில் தடையில்லை. மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்று சொன்னால் அதோடு சரி, அதன் பிறகு கூப்பிடுவதில்லை. வேறு யாராவது போனை எடுத்தால் ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அவருக்கு என்ன நோய் என்று வீட்டிலேயே தெரியாமல் இருக்கலாம்.

இந்த வேலைக்கு வந்தபின் ஆய்வுக் கட்டுரை படிக்கும் விதமும் மாறிவிட்டது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், கடைசியில் யாரைக் கணக்கில் எடுத்தார்கள் என்று காட்டும் வரைபடத்துக்குத்தான் முதலில் போகிறேன். குழுவுக்கு 100 பேர் என்று வையுங்கள். பழைய சிகிச்சையில் எல்லோரும் திரும்பி வந்து 18 பேருக்குத் தோல்வி. புதிய சிகிச்சையில் வந்தவர்களில் 10 பேருக்குத்தான் தோல்வி, ஆனால் 15 பேரைக் காணவில்லை. அந்த 15-ல் 8 பேருக்குத் தோல்வியாகியிருந்தால் இரண்டும் சமம். இந்தக் கணக்கைப் போடப் புள்ளியியல் படித்திருக்கத் தேவையில்லை. புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

இப்போது அடுத்த ஞானப்பல் ஆய்வுக்குப் புரோட்டோகால், அதாவது ஆய்வு எப்படி நடக்க வேண்டும் என்ற திட்டம், எழுதிக்கொண்டிருக்கிறோம். தானாகக் கரையும் தையல் போட்டால், தையல் பிரிக்க ஏழாம் நாள் வரவேண்டிய தேவை இல்லை. அந்த நாளைப் போன் பேச்சாக மாற்றலாம் என்று அறுவைப் பிரிவு மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன். கூடவே மூன்றாம் நாளிலும் ஒரு போன் வைக்கச் சொல்லியிருக்கிறேன், டிரை சாக்கெட் வலி தொடங்கும் நேரம் அது. வலி இருப்பவரை அன்றே வரவழைத்து மருந்து வைத்துவிடலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு மனு தயாராகிறது.