12 வோல்ற் சாமான், 24 வோல்ற் லொறி

பழைய வானை விற்றுவிட்டு, திருகோணமலைக் கொட்பேத் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்ற ஒரு லொறி எடுத்தேன். வானில் இருந்த ரேடியோ, பனிவிளக்கு, ஹோர்ன், போன் சார்ஜர் எல்லாவற்றையும் விற்க முன்னமே கழற்றி வைத்திருந்தேன். வான் 12 வோல்ற். லொறியிலோ இரண்டு 12 வோல்ற் பற்றரிகளைத் தொடராகப் பூட்டி 24. எஞ்சின் ஓடினால் மீற்றர் 28 வரை காட்டும்.

"ரெண்டு பற்றரிக்கும் நடுவில ஒரு வயரை இழுத்தா 12 வந்திடும்" என்று சொல்லாத ஆளில்லை. வரும்தான். ஆனால் அநுராதபுரச் சந்திப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் வயரிங் பாஸ் அதற்குச் சம்மதிக்கவே இல்லை.

"தம்பி, ரேடியோ ஒரு பற்றரியை மட்டும்தான் இறக்கும். ஆனா ஏத்தேக்க ரெண்டுக்கும் சேர்த்துத்தானே ஏறும்? ஒண்டு எப்பவும் அரை வயிறு, மற்றது மிஞ்சித் திண்டு கொதிக்கும்."

விசயம் அதுதான். எஞ்சின் ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் அல்டர்னேற்றருக்குத் தெரிவது மொத்த 28 மட்டுமே. ஒரு பற்றரி 13இல் நின்றால் மற்றது 15 வாங்கும், தண்ணீர் வற்றும். கடைசியில் இரண்டையும் மாற்ற வேண்டிவரும். பற்றரி விற்கிற விலைக்கு இது தேவையா?

ஆகவே ரேடியோவுக்கு 24ஐ 12 ஆக்கும் 10 ஆம்பியர் கன்வேட்டர் ஒன்று வாங்கினோம். அதற்குப் போகும் வயரில், பற்றரிக்குக் கிட்டவே பியூஸ். கன்வேட்டர் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும் என்பதால் சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும்படி பூட்டினார் பாஸ். அதனால் ரேடியோவின் மஞ்சள் வயருக்கும் நிரந்தரக் கரண்ட் இல்லை. ஒவ்வொரு நாளும் நேரமும் ஸ்டேசனும் அழிந்துவிடும். எனக்கு அது பெரிய விசயமில்லை. எஃப்எம்மில் வந்த இரைச்சல்தான் எரிச்சல். கன்வேட்டரை ஏரியல் வயரிலிருந்து தள்ளி, சீற்றுக்குப் பின்னால் இரும்புத் தகட்டில் பூட்டிய பிறகு அது நன்றாகக் குறைந்தது. தகட்டில் இருப்பதால் சூடும் இறங்குகிறது.

பனிவிளக்குக்குக் கன்வேட்டர் வீண். 55 வாட் பல்ப் இரண்டையும் தொடராகப் பூட்டலாம், ஆனால் ஒன்று போனால் மற்றதும் அணைந்துவிடும். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் இரவில் யானை நிற்கும் றோட்டில் அந்த விளையாட்டு வேண்டாம். அதே ஹோல்டருக்குப் பொருந்தும் 24 வோல்ற் 70 வாட் பல்ப் கடையில் கிடைக்கிறது. வாட் கூடினாலும் ஆம்பியர் குறைவு, பழைய வயரே தாங்கும். விளக்குக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயை மட்டும் 24க்கு மாற்ற வேண்டும். 12 வோல்ற் ரிலேயின் கொயில் கருகிவிடும்.

சார்ஜரின் அடியில் 12–24 என்று அச்சடித்திருந்தது, அப்படியே செருகினேன். ஹோர்னுக்கு, வோல்ற்றைக் குறைக்க ரெசிஸ்டர் போடலாம் என்றான் கூட்டாளி ஒருவன். 5 ஆம்பியர் இழுக்கும் ஹோர்னுக்கு ரெசிஸ்டரிலேயே 60 வாட் சூடாகப் போகும். லொறியின் சொந்த ஹோர்னே ஊரைக் கூட்டும், பழையதை ஓர் ஓட்டோக்காரத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.